குழல்வாய்மொழி: ஒரு பெயரின் பொருளும் வழக்கும்

தென்காசி வட்டாரத்துப் பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால், அவ்வட்டாரத்தின் ஊர்களையும் கோயில்களையும் அப்பட்டியலைக் கொண்டே ஒருவாறு அறிந்துவிடலாம். உலகம்மாள் என்றால் தென்காசி. கோமதி என்றாலும் ஆவுடையம்மாள் என்றாலும் சங்கரன்கோவில். நித்திய கல்யாணி என்றால் கடையம். காந்திமதி, வடிவம்மாள் என்றால் திருநெல்வேலி. செண்பகம் என்றால் கோவிற்பட்டியின் செண்பகவல்லியாகவும் இருக்கலாம். குற்றால மலைமேல் அருவிக்கரையில் உறையும் செண்பகாதேவியாகவும் இருக்கலாம். குழல்வாய்மொழி என்ற பெயருக்கு மட்டும் இத்தகைய ஐயம் எழுவதில்லை. அப்பெயர் திருக்குற்றாலத்திற்கே உரியது. அதனைப் பற்றியே ஈண்டு ஆராய்கின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் இளங்கலை பயின்ற மாணவி ஒருவர், அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதற்கான விண்ணப்பப் படிவத்தோடு துறைக்கு வந்தார். பழைய பெயர் என்னும் இடத்தில் 'குழல்வாய்மொழி' என்றும், புதிய பெயர் என்னும் இடத்தில் 'குழலி' என்றும் எழுதியிருந்தார். ஆங்கில எழுத்தில் அவர் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒருவகையாகவும், வங்கிக் கணக்கேட்டில் வேறொரு வகையாகவும் இருந்தது. குடும்ப அட்டையிலோ தமிழிலேயே 'குளல்வாய்மொளி' என்றிருந்தது. மூன்றும் ஒருவரே என்று ஏற்க அலுவலகம் மறுத்துவிட்டமையால் அவருக்கு வரவேண்டிய உதவித்தொகை ஓராண்டாக நின்றுபோயிற்று. தந்தையை இழந்த குடும்பம். விடுதிக் கட்டணம் அத்தொகையை நம்பியே இருந்தது. "இந்தப் பெயரால் எனக்குத் தொல்லைதான் ஐயா. இதற்கு என்ன பொருள் என்றுகூட யாரும் சொன்னதில்லை" என்றார். படிவத்தை நிரப்புவதற்கு உதவி கேட்டு வந்தவரிடம் முதலில் பொருளைச் சொல்வதே தமிழ்த்துறையின் கடமை என்று யாம் கருதினோம். அன்று சொன்னவற்றோடு பின்னர்த் தேடிக் கண்டவற்றையும் சேர்த்து இங்குத் தருகின்றோம்.

பெயர்ப் பொருள்

குழல் என்பது துளையுடைய நீண்ட பொருளைக் குறிக்கும் பழஞ்சொல். அடுப்படியில் நெருப்பை மூட்டும் ஊதுகுழலும், துப்பாக்கிக் குழலும், ஆயன் ஊதும் வேய்ங்குழலும் இப்பொருளால் ஓரினம். இதே சொல் மகளிர் கூந்தலையும் குறிக்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையில் படகோட்டும் பெண்ணாகிய பூங்குழலியை நாம் அனைவரும் அறிவோம். அங்கே குழல் என்பது கூந்தலே. பூவணிந்த கூந்தலை உடையவள் என்பது பொருள். குழல்வாய்மொழி என்னும் பெயரில் வரும் குழல் கூந்தலன்று, இசைக்கருவி. பின்னே 'வாய்மொழி' என்னும் சொல் நிற்பதால் வேறு பொருளுக்கு இடமில்லை. குழலின் இசைபோன்ற வாய்மொழியை உடையவள் என்பதே நேரிய பொருள்.

ஆகவே, குழல்வாய்மொழியைக் குழலி என்று சுருக்கிக்கொண்டால், வாயும் மொழியும் போய்க் கூந்தல் ஒன்றே எஞ்சும். அந்த மாணவியிடம் யாம் முதலில் சொன்னது இதுதான். அவர் சிரித்துவிட்டார், எனினும் படிவத்தை மடித்து வைக்கவில்லை.

இனி, இலக்கணம். 'தேன்மொழி வந்தாள்' என்னும் எடுத்துக்காட்டை வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். தேன்போன்ற மொழி என விரியுங்கால் அஃது உவமைத்தொகை. அத்தகைய மொழியை உடையவள் என அத்தொகைக்குப் புறத்தே நிற்கும் ஒருத்தியைச் சுட்டுங்கால் உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. குழல்வாய்மொழியும் அவ்வகையினதே. சொல்லில் எங்கும் பெண் என்பதற்குரிய விகுதி இல்லை; 'ஆள்' இல்லை; 'அம்மை' இல்லை; இருந்தும் கேட்டவுடன் ஒருத்தி நம் கண்முன் நிற்கிறாள். குழல்வாய்மொழியம்மை என்று நீட்டினால் வணக்கம் கூடும். தொகையின் நயம் குறையும். எடுத்துக்காட்டுகளை நூல்களிலிருந்தே எடுக்கும் பழக்கத்தை விட்டு, வருகைப்பதிவேட்டிலிருந்தும் எடுக்கலாம் என்பதை இப்பெயர் எமக்கு உணர்த்திற்று.

'வாய்மொழி' என்னும் சொல்லிலும் ஆழம் உண்டு. வாயால் மொழிவது என்பது அதன் வெளிப்படைப் பொருள். பழந்தமிழில் அது மெய்ம்மொழியையும் மறையையும் குறித்தது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் தோன்றிய நம்மாழ்வாரின் நூலுக்குத் திருவாய்மொழி என்று பெயர் அமைந்தமை நினைக்கத்தக்கது. எனவே இப்பெயரில் குரலின் இனிமை மட்டுமே பேசப்படுகிறது என்று கொள்ளவேண்டியதில்லை. இனிமையும் வாய்மையும் ஒருங்கே அமைந்த பேச்சு என்று கொள்ளினும் சொல் இடம் தரும்.

கோயிலில் இவ்வம்மைக்கு வேணுவாக்குவாதினி என்னும் வடமொழிப் பெயரும் வழங்குகிறது. வேணு என்பது மூங்கில், குழல். வாக்கு என்பது சொல். வாதினி என்பது சொல்பவள். இரு பெயர்களும் சொல்லுக்குச் சொல் பொருந்தி நிற்கின்றன. எனினும் அவ்வட்டாரத்தில் பெண்குழந்தைக்கு வேணுவாக்குவாதினி என்று பெயரிட்டு யாம் கேட்டதில்லை. மக்கள் எடுத்துக்கொண்டது தமிழ்ப் பெயரையே.

குழலும் மலையும்

ஒரு பெண்தெய்வத்தின் குரலுக்கு எத்தனையோ உவமைகள் இருக்க, குற்றாலத்தில் குழல் வந்தது ஏன்? வேதாரணியமாகிய திருமறைக்காட்டில் அம்மைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அது கடற்கரை ஊர். யாழ் கைவினைஞன் செய்யும் கருவி. நரம்பு கட்டவேண்டும், பண் அமைக்கவேண்டும். குழலோ மலையில் தானே விளைவது. மூங்கில் மலைப்பொருள், துளையிட்டால் குழல்.

அத்துளையைக்கூட மனிதன் இடவேண்டியதில்லை என்கிறார் கபிலர். அகநானூற்றின் 82ஆம் பாட்டில் அவர் காட்டும் குறிஞ்சிக் காட்சி மாணவர் அனைவரும் ஒருமுறையேனும் படிக்கத்தக்கது. அசைகின்ற மூங்கிலில் வண்டு துளைத்த துளைகளின் வழியே மேல்காற்று புகுந்து குழலிசை எழுப்புகிறது. அருவியின் ஒலி முழவாகிறது. கலைமான்களின் குரல் பெருவங்கியமாகிறது. பூஞ்சாரலில் மொய்க்கும் வண்டுகளின் ஒலி யாழாகிறது. மந்திகள் அவையோராக இருந்து வியந்து நோக்க, மயில் விறலியைப்போல் ஆடி வருகிறது. கபிலர் பாடியது குற்றாலத்தையே என்று யாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அப்பாட்டில் சான்றில்லை. ஆயினும் ஜூன், ஜூலைத் திங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று சாரலைக் கொண்டுவந்து வீச, பேரருவி முழங்கும் நேரத்தில் குற்றாலத்தில் நின்றவர்க்கு, அங்குள்ள அம்மைக்குக் குழல்வாய்மொழி என்று பெயர் அமைந்தமை வியப்பாகத் தோன்றாது. அருவி முழவாயின் அம்மையின் குரல் குழலாகவேண்டியதுதான்.

திருக்குறளின் 66ஆம் பாட்டும் ஈண்டு நினைவுக்கு வரும். தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் இனியவை என்பர் என்பது வள்ளுவர் கருத்து. வள்ளுவரும் குழலையே முன்வைத்து யாழைப் பின்வைத்தார். எதுகைக்காக வைத்தார் என்பாரும் உண்டு. யாம் அதற்குள் புகவில்லை. மழலைக்கு ஒப்பிடக் குழலை எடுத்த மரபில், மகளுக்குக் குழல்வாய்மொழி என்று பெயரிட்ட பெற்றோரும் அடங்குவர் என்பதே எமக்கு வேண்டுவது.

நூல்களில் இப்பெயர்

திருக்குற்றாலம் ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம். ஊருக்கு ஒரு பதிகமும் அங்குள்ள குறும்பலாவுக்கு ஒரு பதிகமுமாக இரண்டு பாடியுள்ளார். அம்மையின் பெயர் தமிழுலகெங்கும் பரவியதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியே பெருங்காரணம் என்பது எம் துணிபு. இதனை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையேயுள்ள மேலகரத்தினர். மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்குப் பரிசாக நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. ஒரு நூலின் பெயர் ஒரு வயலுக்கு அமைந்த செய்தி வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று.

குறவஞ்சியில் மூன்று பெண்பெயர்கள் நம் மனத்தில் நிற்கின்றன. கடவுள் வாழ்த்தில் குழல்வாய்மொழியம்மை. உலா வந்த குற்றாலநாதர்மேல் காதல் கொண்ட தலைவி வசந்தவல்லி. குறி சொல்ல வந்த சிங்கி. 1944இல் ருக்மிணிதேவி அருண்டேல் இந்நூலைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றியபோது வசந்தவல்லியும் சிங்கியும் புத்துயிர் பெற்றனர். ஆயினும் நூலில் மலைவளத்தை வாயாரப் பேசுபவள் சிங்கியே. குழல்வாய்மொழி என்னும் பெயர் அம்மையுடையது. அப்பெயருக்கு ஏற்ற பேச்சைக் கவிராயர் குறத்திக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. இது நயம் பாராட்டலே, ஆராய்ச்சி முடிபன்று.

புதினத்திலும் இப்பெயர் உண்டு. நா. பார்த்தசாரதி தம் 'பாண்டிமாதேவி'யில் இடையாற்றுமங்கலம் நம்பியின் மகளுக்குக் குழல்வாய்மொழி என்றே பெயரிட்டார். தென்பாண்டி நாட்டுக் கதைக்குத் தென்பாண்டிப் பெயர் வேண்டும் என்று அவர் தேர்ந்தது பொருத்தமே.

உலகம்மாளும் குழல்வாய்மொழியும்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே ஐந்து கிலோமீட்டர்தான். இரண்டுக்கும் நீர் தருவது ஒரே சிற்றாறு. இருந்தும் உலகம்மாள் என்னும் பெயர் தெருவுக்குத் தெரு வழங்க, குழல்வாய்மொழி அருகியே வழங்கிற்று. இதற்குக் காரணம் தேடுதல் வேண்டும்.

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446இல் கட்டத் தொடங்கினான். வடகாசியில் விசுவநாதருக்குத் துணை விசாலாட்சி. தென்காசியிலோ உலகம்மை. விசுவம் என்றாலும் உலகம் என்றாலும் ஒன்றே. இறைவன் பெயரை வடமொழியிலேயே வைத்துக்கொண்டு இறைவி பெயரைத் தமிழில் வழங்கிய ஊர் தென்காசி. உலகு என்னும் குற்றியலுகரச் சொல் அம்மையோடு புணர உகரம் கெட்டு உலகம்மை ஆயிற்று. ஐந்தே எழுத்து, நாவுக்குத் தடையில்லை. மேலும் பாபநாசத்திலும் அம்மைக்கு உலகம்மை என்றே பெயர். விக்கிரமசிங்கபுரம் நமச்சிவாயக் கவிராயர் அவ்வம்மையைப் போற்றிப் பாடியவர். ஆகவே சிற்றாற்றுப் பாசனத்து ஊர்களும் தாமிரபரணியின் தலைப்பாசனத்து ஊர்களும் இப்பெயரைப் பகிர்ந்துகொண்டன. உழவர் வீடுகளில் இது நிலைபெற்றதை, இம்மண்ணிலே பிறந்த சு. சமுத்திரம் தம் 'ஒரு கோட்டுக்கு வெளியே' புதினத்தின் ஏழைத் தலைவிக்கு உலகம்மை என்று பெயரிட்டதிலிருந்தே உணரலாம்.

குழல்வாய்மொழிக்கு ஓர் ஊரே தாய்வீடு. எழுத்தோ ஏழு; அவற்றுள் இரண்டு ழகரம். நெல்லைப் பேச்சில் மழை 'மள' ஆவதும் பழம் 'பளம்' ஆவதும் நாம் அறிந்தவை. பாட்டியரின் வாயில் இப்பெயர் 'குளல்வாமொளி' என்றே ஒலித்தது. அப்படி ஒலித்ததில் குற்றம் ஏதும் இல்லை. அஃது அம்மண்ணின் ஒலி. குற்றம் நேர்ந்தது, அவ்வொலியைக் கேட்டவர் அப்படியே ஏட்டில் எழுதியபோதுதான். பின்னர் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தபோது ழகரத்திற்கு ஒருவர் ஓர் எழுத்தையும் மற்றொருவர் இரண்டு எழுத்துகளையும் கையாண்டனர். தமிழின் சிறப்பெழுத்து என்று மேடைதோறும் புகழும் ழகரம், ஓர் ஏழைப் பெண்ணின் உதவித்தொகைக்குத் தடையாக நின்றதை எண்ணுங்கால் வருந்தாமல் இருக்க இயலவில்லை.

இப்பெயர் அருகியதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. முதற் பேத்திக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரை இடுவது நம் வழக்கம். மருமகள் மாமியாரின் பெயரை வாயால் சொல்லாமையும் நம் வழக்கம். இவ்விரண்டும் சேர்ந்தால் என்னாகும்? தாய் தன் மகளை அவளுக்குரிய பெயரால் ஒருநாளும் அழைக்கமாட்டாள். வீட்டில் 'ராசாத்தி', ஏட்டில் குழல்வாய்மொழி. இதில் சமய வேறுபாடு இல்லை. பாத்திமா என்னும் பாட்டியின் பெயரைப் பெற்ற பேத்தியும் பல வீடுகளில் வேறு செல்லப்பெயராலேயே வளர்கிறாள். பெயர் காக்கப்படுகிறது, ஆனால் ஒலிக்கப்படுவதில்லை. எம் மாணவியும் தம் பெயரை முதன்முதலில் முழுமையாகக் கேட்டது பள்ளி ஆசிரியர் வருகை அழைத்தபோதுதான் என்றார்.

புதிய பெயர்கள் எனப்படுபவை

மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன்பின் வளர்ந்த திராவிட இயக்கமும் தமிழ்ப்பெயர் இடும் ஆர்வத்தை வளர்த்தன. தேன்மொழி, கனிமொழி, கயல்விழி, மலர்விழி முதலிய பெயர்கள் நாடெங்கும் பரவின. இவற்றைப் புதிய பெயர்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அமைப்பை நோக்கின் தேன்மொழிக்கும் குழல்வாய்மொழிக்கும் வேறுபாடு இல்லை. உவமை ஒன்று, உறுப்போ பண்போ ஒன்று, அவற்றை உடையவள் ஒருத்தி. இயக்கங்கள் மேடையில் பரப்பிய பெயரமைப்பை மலையடிவாரத்துக் கோயில் ஒன்று முன்னமே காத்துவந்தது. தேன்மொழியை விரும்பி ஏற்ற தமிழகம் அவளுடைய மூத்தாளை மறந்தது என்பதுதான் எமக்குப் புரியவில்லை.

பெயர்கள் சமய எல்லைக்குள் அடங்கிக் கிடப்பன என்றும் யாம் கருதவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணி என்னும் பெயரை விளித்துக் கண்ணிகள் பாடினார். பேராசிரியர் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தின் தலைவிக்கும் அப்பெயரே. அரபுச் சொல்லாகிய ஜமீலா என்பதற்கு அழகுடையவள் என்று பொருள். நெல்லை வழக்கில் வடிவு என்பதும் அதுவே. எம் வகுப்பில் ஓர் ஆண்டு ஜமீலாவும் வடிவும் ஒரே பலகையில் அமர்ந்திருந்தனர். இருவருக்கும் ஒரே பெயர்தான் என்று யாம் சொன்னபோது வகுப்பு முழுதும் நகைத்தது. பொருளை விளக்கிய பின்னர் அவரவர் பெயருக்குப் பொருள் கேட்டு அந்தப் பாடவேளை முழுதும் கழிந்தது. அன்று நடத்தவேண்டிய நன்னூல் நூற்பா மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

படிவத்தோடு வந்த மாணவிக்கு வருவோம். பொருளைக் கேட்டபின் அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். திரும்பி வந்தபோது, பெயரை மாற்றவேண்டா, எழுத்தை மட்டும் ஒன்றாக்கிக் கொடுங்கள் என்றார். அது பெயரை மாற்றுவதைவிடக் கடினமான வேலை. பள்ளிச் சான்றிதழில் உள்ளதையே மூலமாகக் கொண்டு, குடும்ப அட்டையையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். குடும்ப அட்டை திருந்த நான்கு திங்கள் ஆயிற்று. விடுதிக் கட்டணத்திற்கு அதுவரை தவணை பெற்றுத் தந்தோம். உதவித்தொகை அவர் இறுதித் தேர்வு எழுதுவதற்குச் சற்று முன்னர்தான் வந்து சேர்ந்தது.

அத்திருத்தத்திற்காக அவருடைய தாயாரும் அலுவலகத்திற்கு வந்திருந்தார். எம்முள் ஒருவர் உடன் சென்றிருந்தோம். மகள் பெயர் என்ன என்று எழுத்தர் கேட்டார். அம்மையார் சான்றிதழை அவர்பால் நகர்த்தினார். வாயால் சொல்லுங்கள் அம்மா என்று அவர் மீண்டும் கேட்டார். மாமியார் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையார் மகளை ஒருமுறை பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னர்க் கையை எடுத்துவிட்டுச் சொன்னார். இரண்டு ழகரமும் ளகரமாகவே வந்தன. எழுத்தர் சான்றிதழைப் பார்த்துச் சரியாக எழுதிக்கொண்டார்.